தொழுவத்துக்கேற்ற குட்டைப் பூட்ஸ்: தெரிவும் பேணலும்

கமத்தொழிலில் ஈடுபட்டோர் தம் மாட்டின் குளம்பில் ஒரு சிறு கீறல் கண்டாலும் அதனைக் கழுவி மருந்திடுவர். மண்வெட்டியின் பிடி ஆடினால் அன்றே ஆப்பு வைத்து இறுக்குவர். ஆயின், தம் காலில் உண்டாகும் வெடிப்பையும் புண்ணையும் பொருட்படுத்துவோர் சிலரே. நாள்தோறும் சாணத்திலும் மூத்திரத்திலும் சேற்றிலும் நின்று உழைக்கும் கால்களுக்குத் தக்க காப்பு வேண்டும். அக்காப்பை எவ்வாறு பார்த்து வாங்குவது, வாங்கியதை எவ்வாறு நெடுங்காலம் உழைக்கச் செய்வது என்பவற்றை எடுத்துரைப்பதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

பட்டிப்பொலவின் நிலை

நுவரெலியா மாவட்டத்திலுள்ள பட்டிப்பொல கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில் அமைந்துள்ளது. இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் இருப்பது இவ்வூர் நிலையமே. பட்டி என்னும் சொல் தமிழில் மாடு அடைக்கும் இடத்தையும், சிங்களத்தில் மாட்டு மந்தையையும் குறிக்கும். அதற்கேற்ப இப்பகுதி கால்நடைக்குப் பெயர்பெற்றது. அம்பேவெலப் பண்ணையும் நியூசிலாந்துப் பண்ணையும் அண்மையிலேயே உள்ளன. ஐரோப்பிய இனப் பாற்பசுக்களுக்கு இங்குள்ள குளிர் பெரிதும் ஒத்துக்கொள்கிறது.

பெரும் பண்ணைகளேயன்றி, தோட்டங்களிலும் ஊர்ப்புறங்களிலும் ஓரிரு பசுக்களை வைத்துப் பிழைக்கும் குடும்பங்களும் பல. அவர்களது தொழுவத்துச் சாணமே கரட், லீக்ஸ், கோவா, பீற்றூட், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் பாத்திகளுக்கு எருவாகிறது. ஆகவே இங்கு மரக்கறி செய்வோர் நாளில் இருமுறையேனும் தொழுவத்தில் நிற்க நேரிடுகிறது. விடியலில் பால் கறக்கையில் ஒருமுறை. சாணம் அள்ளி எருக்குழியில் இடுகையில் மற்றொருமுறை.

தை, மாசி மாதங்களில் இப்பகுதியின் புல்வெளிகளில் விடியற்காலையில் உறைபனி படிவதுண்டு. தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி தொடங்கியபின் பல நாட்கள் மழையும் மூடுபனியுமாகக் கழியும். இக்காலத்தில் தொழுவத்து முற்றம் காய்வதே இல்லை. தாழ்நிலத்தில் அரைநாளில் உலரும் ஈரக் காலுறை இங்கு இரண்டு நாளாகியும் உலராது. ஆதலால் தாழ்நிலத்தார்க்கு ஏற்ற காலணி மலைநாட்டார்க்கும் ஏற்குமெனக் கருதலாகாது.

வெறுங்காலால் விளையும் கேடுகள்

முதலாவது கேடு எலிக்காய்ச்சல். எலிகளின் சிறுநீரிலும், நோய்கொண்ட மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் இந்நோயின் கிருமிகள் வெளியேறும். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் அவை பல நாட்கள், சில வேளைகளில் பல வாரங்கள் உயிருடன் இருக்கும். உலர்ந்த இடத்தில் விரைவில் இறந்துவிடும். காலிலுள்ள வெடிப்பு, கீறல், புண் ஆகியவற்றின் வழியே அவை உடலுட் புகுகின்றன. இக்கிருமியை யப்பானிய ஆராய்ச்சியாளர் இனாடாவும் இடோவும் 1915ஆம் ஆண்டளவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நோயை ஆராய்ந்து கண்டறிந்தனர். ஈரத்தில் நின்று வேலை செய்வோரையே இந்நோய் பெரிதும் தாக்கும் என்பதற்கு அதுவும் ஒரு சான்றாகும். இலங்கையில் 2008ஆம் ஆண்டில் மட்டும் 7,000க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர் என அறிவிக்கப்பட்டது. அவருள் நெற்கமக்காரர் பலர்.

இரண்டாவது, ஏற்பு வலி. இந்நோயின் வித்துகள் மாட்டுச் சாணத்திலும் குதிரைச் சாணத்திலும் எருவிட்ட மண்ணிலும் இயல்பாகவே உள்ளன. தொழுவத்தில் கிடக்கும் ஒரு துருப்பிடித்த ஆணி காலில் ஆழ ஏறினால், காற்றுப் படாத அப்புண்ணில் அவ்வித்துகள் முளைத்து நஞ்சைச் சுரக்கும். குதிரை லாயங்களில் வேலை செய்வோருக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

மூன்றாவது, கொக்கிப் புழு. இப்புழுவின் குடம்பிகள் தோலைத் துளைத்து உடலுட் செல்கின்றன என்பதைக் கெய்ரோ நகரில் ஆராய்ச்சி செய்த ஆர்தர் லூஸ் என்பார் 1898இல் வெளியிட்டார். இலங்கைத் தோட்டங்களில் இப்புழுவால் இரத்தம் குன்றித் தளர்ந்தோர் மிகப் பலராயிருந்தமையின், 1916 முதல் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் கொக்கிப் புழு ஒழிப்பு வேலை இங்கு நடைபெற்றது. இது மாட்டுச் சாணத்தால் வருவதன்று. மனித மலம் கலந்த ஈர மண்ணால் வருவது. பட்டிப்பொல போன்ற குளிரிடங்களில் இதன் குடம்பிகள் எளிதில் வளரா. எனினும் வெப்பம் மிகுந்த பள்ளத்தாக்குகளுக்குச் சென்று வேலை செய்வோர் இதனை மறத்தலாகாது.

நான்காவது, சேற்றுப்புண். கால்விரல் இடுக்குகள் ஓயாது ஈரமாயிருப்பின் தோல் வெளுத்து, உரிந்து, வெடிக்கும். இதனைச் சிறு தொல்லையென்று பலர் விட்டுவிடுகின்றனர். ஆயின், மேலே கூறிய எலிக்காய்ச்சற் கிருமிக்குக் கதவு திறந்துவிடுவது இவ்வெடிப்பே.

இவையன்றி, மாட்டின் மிதியும் உண்டு. முழு வளர்ச்சியடைந்த பிறீசியன் பசு 500 முதல் 600 கிலோகிராம் வரை நிறையுடையது. அதன் ஒரு குளம்பு வெறுங்காலின்மேல் ஊன்றினால் விரலெலும்பு முறிதல் அரிதன்று.

நெடும் பூட்ஸா, குட்டைப் பூட்ஸா?

முழங்கால்வரை உயர்ந்த இறப்பர்ப் பூட்ஸ் நெடியது. கணுக்காலுக்குச் சற்று மேலே, கெண்டைக்காலின் பாதியளவில் முடிவது குட்டையானது. தொழுவ வேலைக்குக் குட்டைப் பூட்ஸில் சில நன்மைகள் உள்ளன. அதனை எளிதில் அணியலாம், எளிதில் கழற்றலாம். வீட்டுக்கும் தொழுவத்துக்கும் பாத்திக்கும் நாளில் பலமுறை சென்று வருவோருக்கு இது பெரும் வசதி. பால் கறப்பதற்குக் குந்தியிருக்கையில் நெடும் பூட்ஸின் மேல்விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அழுத்தும். குட்டையானது அவ்வாறு செய்யாது. நிறை குறைவாதலால் மலைச்சரிவில் ஏறி இறங்கக் கால் தளராது. வியர்வையும் ஓரளவு குறையும்.

ஆயின் ஒரு நிபந்தனை உண்டு. தொழுவத்திலும் முற்றத்திலும் சேறு மிக ஆழமாயுள்ள இடத்தில் ஒரு தடியை ஊன்றி அளந்து பார்த்தல் வேண்டும். தடி நனைந்த உயரத்துக்கு மேல் குறைந்தது 4 அங்குலமாவது பூட்ஸ் உயர்ந்திருத்தல் அவசியம். எடுத்துக்காட்டாக, சேறு 3 அங்குல ஆழமாயின் 7 அங்குல உயரமுள்ள பூட்ஸ் போதும். சேறு 6 அங்குலமாயின் குட்டைப் பூட்ஸ் பயன்படாது. மேல்வழியே சாணநீர் புகுந்துவிட்டால், நீர் புகாத பூட்ஸே அந்நீரை வெளியே விடாது காலுடன் சேர்த்து வைத்திருக்கும். அந்நிலையில் வெறுங்காலே மேல். எருக்குழிக்குள் இறங்குவோரும், ஓடையைக் கடந்து புல் வெட்டச் செல்வோரும் நெடும் பூட்ஸையே நாடுதல் நன்று.

எப்பொருளாற் செய்தது?

இறப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைச் சார்ள்ஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். அதன்பின்னரே வெயிலில் இளகாததும் குளிரில் நொறுங்காததுமான காலணி செய்தல் கூடிற்று. ஹிறம் ஹட்சின்சன் என்னும் அமெரிக்கர் 1853இல் பிரான்சு தேசத்தில் தொழிற்சாலை நிறுவி, அதுவரை மரக்காலணியுடன் வயலிற் சென்ற உழவருக்கு இறப்பர்ப் பூட்ஸ் செய்து விற்றார். 1876இல் ஹெனரத்கொடத் தோட்டத்துக்கு இறப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தபின், அப்பொருள் இலங்கை மண்ணிலேயே விளையலாயிற்று.

இன்று சந்தையில் நால்வகைப் பொருள்களாற் செய்த பூட்ஸ்கள் கிடைக்கின்றன. அவற்றின் குணங்கள் வருமாறு.

இயற்கை இறப்பர்: மிருதுவானது, நன்கு வளையும், விடியற்காலைக் குளிரிலும் விறைக்காது. ஈரத் தரையைப் பற்றிப் பிடிக்கும். ஆகவே பட்டிப்பொல போன்ற இடங்களுக்கு மிக ஏற்றது. பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், மசகு ஆகியவை பட்டால் ஊதிக் கெடும். கடும் வெயிலிலும் வெடிக்கும். இது பல துண்டுகளை ஒட்டிச் செய்யப்படுவதால் ஒட்டுவாய்களைக் கவனித்து வாங்கல் வேண்டும்.

பி.வி.சி. எனப்படும் செயற்கைப் பொருள்: விலை குறைந்தது. அச்சில் உருக்கி வார்ப்பதால் ஒட்டுவாய் இல்லை. புதிதில் நீர் கசியாது. ஆனால் குளிரில் விறைக்கும். விறைத்த நிலையில் நாள்தோறும் மடியும்போது விரலடியில் மடிப்புக் கோடு விழுந்து, நாளடைவில் அவ்விடமே வெடிக்கும். ஈரச் சீமெந்துத் தரையில் இறப்பரைவிட வழுக்கும். வெப்பமான தாழ்நிலத்திற் பயன்படுத்துவோருக்கு இக்குறைகள் அத்துணைப் பெரியனவல்ல. பி.வி.சி.யுடன் நைற்றைல் இறப்பர் கலந்து செய்த வகையும் உண்டு. சாணம், பாற்கொழுப்பு, எண்ணெய் ஆகியவற்றை அது நன்கு தாங்கும்.

பொலியுரெத்தேன்: நுண்ணிய காற்றறைகள் நிறைந்ததால் மிக இலேசானது, காலுக்குச் சூடு தரும். விலை அதிகம். நெடுநாள் ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் வைத்தால், அணியாதபோதுங்கூட இப்பொருள் உள்ளூரச் சிதைந்து பொடியும். ஆதலால் கடையிற் பல ஆண்டு கிடந்த சரக்கை வாங்குதல் கூடாது.

தோல்: உலர்ந்த நிலத்துக்கு நன்று, தொழுவத்துக்கு ஆகாது. மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா தோலையும் தையல் நூலையும் அரித்துவிடும்.

அடியும் நுனியும்

தொழுவத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோர் பலர் வழுக்கியே விழுந்தவர். ஆகவே பூட்ஸின் அடிப்பாகத்தை முதலிற் பார்த்தல் வேண்டும். அதிலுள்ள பள்ளங்கள் ஆழமாகவும் அகலமாகவும், ஓரத்தை நோக்கித் திறந்தனவாகவும் இருத்தல் நலம். நெருக்கமான சிறு பள்ளங்களிற் சாணம் அடைத்துக்கொள்ளும். அடைத்தபின் அடி வழவழப்பான பலகைக்கு ஒப்பாகும். குதியானது முன்பாகத்தைவிடச் சற்று உயர்ந்து, தெளிவான விளிம்புடன் இருந்தால் சரிவில் இறங்கும்போது ஊன்றிப் பிடிக்கும்.

பெரிய பசுக்களுடன் வேலை செய்வோர் நுனியில் உருக்குத் தொப்பி வைத்த பூட்ஸை வாங்குதல் நன்று. ஐ.எஸ்.ஓ. 20345 என்னும் சர்வதேச நியமத்துக்கமைந்த பூட்ஸின் நுனி, 20 கிலோகிராம் நிறை ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும் அடியைத் தாங்குமாறு சோதிக்கப்படுகிறது. முழுவதும் இறப்பராலோ பி.வி.சி. போன்ற பொருளாலோ செய்தவற்றுள் எஸ் 4 என்ற குறியுடையதில் நுனிக்காப்பு உண்டு. எஸ் 5 என்ற குறியுடையதில் நுனிக்காப்புடன், ஆணி ஏறாதபடி அடியில் ஒரு தடுப்பும் உண்டு. தொழுவத்தைப் பழைய பலகையும் தகரமும் கொண்டு அமைத்திருப்போருக்கு எஸ் 5 மிகப் பொருத்தமானது. ஓரிரு சிறு மாடுகளோ ஆடுகளோ உள்ளோருக்கு உருக்கு நுனி கட்டாயமன்று. உருக்கு காலைக் குளிரச் செய்யும், நிறையையும் கூட்டும்.

அளவு

அளவில்லாத பூட்ஸ் எத்துணை உயர்ந்ததாயினும் கேடே தரும். நாள் முழுதும் நின்றபின் கால் சற்றுப் பெருத்திருக்கும். ஆதலால் மாலையிற் கடைக்குச் செல்லல் வேண்டும். வேலையின்போது அணியும் தடித்த காலுறையையே அணிந்து பார்த்தல் வேண்டும். நீண்ட விரலுக்கும் பூட்ஸின் நுனிக்கும் இடையே பெருவிரலின் அகலத்துக்கு, அதாவது ஏறத்தாழ அரை அங்குலத்துக்கு, இடம் இருத்தல் அவசியம். பின்னர்ச் சில அடி நடந்து, பால் கறப்பதுபோற் குந்தி எழுந்து பார்த்தல் வேண்டும். குதி வெகுவாகத் தூக்கினால் பூட்ஸ் பெரிது. சேற்றில் அது சிக்கிக்கொள்ள, கால் மட்டும் வெளிவரும். விரல் நுனி இடித்தால் பூட்ஸ் சிறிது.

இதில் பெண்களின் நிலையைத் தனியே கூறல் வேண்டும். மலைநாட்டில் புல் வெட்டுவதும் பால் கறப்பதும் சாணம் அள்ளுவதும் பெரும்பாலும் பெண்களே. கடைகளிலோ ஆண்களின் அளவே மிகுதியாகக் கிடைக்கிறது. பெரிய பூட்ஸுக்குள் துணியைத் திணித்துக்கொண்டு வேலை செய்தல் வழுக்கி விழுதற்கு வழியாகும். கணவனின் பழைய பூட்ஸை மனைவிக்கென வைத்தலும் இத்தகையதே. வேலை செய்பவர் எவரோ அவர் காலுக்கு அளந்தே வாங்குதல் முறை. பலர் சேர்ந்து சிறிய அளவுகளைக் கேட்டால் கடைக்காரரும் தருவித்துக் கொடுப்பர்.

கடையிலும் வீட்டிலும் செய்யத்தக்க சோதனைகள்

பூட்ஸை விரலடியில் மடித்துப் பிடித்து, மடிப்பை உற்றுநோக்கல் வேண்டும். மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றின் அது பழைய சரக்கு. மேற்பரப்பு பிசுபிசுப்பாயின் அவ்விறப்பர் கெடத் தொடங்கிவிட்டது. உள்ளே கைவிட்டு அடியும் மேற்பாகமும் கூடும் இடம் முழுவதையும் தடவிப் பார்த்தல் வேண்டும். ஒட்டு விலகியிருந்தால் விரலுக்குப் புலப்படும். இரண்டு காலையும் அடுத்தடுத்து வைத்து உயரமும் தடிப்பும் ஒத்துள்ளனவா என நோக்கல் வேண்டும். உட்துணி சுருங்காது ஒட்டியிருத்தலும் முக்கியம்; சுருங்கிய துணி காலைத் தேய்த்துக் கொப்புளம் உண்டாக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின், சேற்றில் இறங்குமுன், பூட்ஸுக்குள் உலர்ந்த பத்திரிகைத் தாளைத் திணித்து, மேல்விளிம்புக்கு ஓரங்குலம் கீழ்வரை நீர் நிறைந்த வாளியில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தல் வேண்டும். பூட்ஸ் மிதக்காதபடி ஒரு கல்லை உள்ளே இடலாம். பின்னர்த் தாளை எடுத்துப் பார்த்தால், எங்கேனும் நனைந்திருப்பின் அங்கே கசிவு உண்டு. விற்பனைச் சீட்டைப் பத்திரப்படுத்தியவர் அன்றே மாற்றிக்கொள்ளலாம்.

விலையும் உழைப்பும்

விலை குறைந்ததே மலிவானது எனக் கொள்ளலாகாது. எடுத்துக்காட்டாக, 3,000 ரூபாவுக்கு வாங்கிய ஒரு சோடி ஆறு மாதம் உழைத்தால் மாதச் செலவு 500 ரூபா. 6,000 ரூபாவுக்கு வாங்கிய ஒரு சோடி 20 மாதம் உழைத்தால் மாதச் செலவு 300 ரூபா மட்டுமே. பூட்ஸ் வாங்கிய நாளையும் அது கிழிந்த நாளையும் நாட்காட்டியிற் குறித்துவைப்போர் அடுத்த முறை எதை வாங்குவதென்பதைத் தாமே கணக்கிட்டு அறியலாம். கையிற் பணம் குறைவாயின், உருக்கு நுனி, நிறம், உரோமத் துணி முதலியவற்றை விட்டுவிடலாம். நல்ல அடியையும் சரியான அளவையும் மட்டும் விட்டுக்கொடுத்தலாகாது.

பேணும் முறை

வேலை முடிந்தவுடன் பூட்ஸைக் காலில் இருக்கும்போதே நீரூற்றித் தூரிகையால் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். சாணம் காய்ந்து ஒட்டினால் இறப்பரைக் கெடுக்கும். டீசலோ மருந்தெண்ணெயோ பட்டிருப்பின் சவர்க்கார நீரால் உடனே கழுவுதல் வேண்டும்.

ஈரமான பூட்ஸை அடுப்பங்கரையில் வைத்து உலர்த்தும் வழக்கம் மலைநாட்டில் உண்டு. இது பூட்ஸின் ஆயுளைப் பாதியாக்கும். அனலால் ஒட்டுவாய் விடும், இறப்பர் வெடிக்கும். உள்ளே தாளைத் திணித்து, ஓரிரு மணி நேரத்துக்கொருமுறை மாற்றி, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தலே சிறந்தது. இரு குச்சிகளைச் சுவரோரம் நாட்டி அவற்றின்மேற் கவிழ்த்து வைத்தால் நீரும் வடியும், எலியும் பூச்சியும் உள்ளே தங்கா. எலி தங்கிய பூட்ஸை அணிதல் எலிக்காய்ச்சலை விலைகொடுத்து வாங்குதலாகும். எப்படியாயினும் அணியுமுன் ஒருமுறை கவிழ்த்துத் தட்டிப் பார்த்தல் நன்று.

இறப்பர்ப் பூட்ஸில் சிறு துளை விழுந்தால், சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடும் பசையாலும் துண்டாலும் அடைக்கலாம். பி.வி.சி.யில் அவ்வொட்டு நிலைக்காது.

பூட்ஸைப் பேணுவதுபோல் அதனுள் இருக்கும் காலையும் பேணல் வேண்டும். முதலாம் உலகப் போரில், 1914 முதல் 1918 வரை, குளிர்ந்த நீர் தேங்கிய அகழிகளில் பூட்ஸுடனேயே நாட்கணக்கில் நின்ற போர்வீரர் பல்லாயிரவரின் கால்கள் மரத்து அழுகின. கால்களை உலர்த்தி, நாள்தோறும் காலுறை மாற்றும் வழக்கம் ஏற்பட்டபின் அக்கேடு பெரிதும் குறைந்தது. நீர் புகாத பூட்ஸுக்குள் வியர்வையும் வெளியேறாது. ஆகவே இரண்டு சோடி காலுறைகளை வைத்து நாளுக்கொன்றாக மாற்றுதலும், வேலை முடிந்ததும் காலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி விரலிடுக்குகளைத் துடைத்தலும் பூட்ஸைப் போலவே இன்றியமையாதன.

பூட்ஸ் நோய் காவாதிருக்க

பூட்ஸ் மனிதனைக் காக்கும். கவனியாது விட்டால் மாட்டுக்கும் பயிருக்கும் நோயைச் சுமந்து செல்லும். மாடுகளின் வாயிலும் குளம்பிலும் கொப்புளங்களை உண்டாக்கும் குளம்பு வாய் நோய் 2014ஆம் ஆண்டில் இலங்கையின் பல மாவட்டங்களிற் பரவியது. பிரித்தானியாவில் 2001ஆம் ஆண்டில் இந்நோயை அடக்குவதற்கென 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. நோய்கண்ட தொழுவத்தின் சாணமும் சேறும் ஒட்டிய பூட்ஸ் அடுத்த தொழுவத்துக்கு இந்நோயைக் கொண்டு செல்ல வல்லது. ஆதலால் தொழுவத்துக்கென ஒரு சோடியைத் தனியே வைத்து, அதனுடன் பிறர் தொழுவத்துக்குச் செல்லாதிருத்தல் வேண்டும். அயலில் நோய் பரவும் காலத்தில், தொழுவ வாயிலில் ஒரு தட்டத்தில் சலவைச் சோடாக் கரைசலை வைத்து, உள்ளே செல்வோரும் வெளியே வருவோரும் அதிற் காலை நனைத்தல் நன்று. ஒரு லீற்றர் நீருக்கு 40 கிராம் சலவைச் சோடா போதும். சாணத்தை முதலிற் கழுவி நீக்கியபின்னரே நனைத்தல் வேண்டும். அழுக்கின்மேல் மருந்து வேலை செய்யாது.

கோவாவின் வேரைப் பருத்து முறுக்கச் செய்யும் வேர்வீக்க நோயின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் வாழும். உருளைக்கிழங்கின் வாடல் நோய்க் கிருமியும் மண்ணுடனேயே பரவும். நோய்கண்ட பாத்தியில் நின்ற பூட்ஸைக் கழுவாமல் அடுத்த பாத்தியில் வைத்தலாகாது. வேர்வீக்கம் கண்ட கோவாவை மாட்டுக்கு இடுதலும் தவறு. அவ்வித்துகள் மாட்டின் வயிற்றிற் சாகாது சாணத்துடன் வெளிவந்து மீண்டும் பாத்தியை அடையும்.

நெற்கமக்காரருக்கு

வலப்பனை, ஹங்குரான்கெத்த முதலிய தாழ்ந்த பகுதிகளில் நெல் விளைவிப்போர் குட்டைப் பூட்ஸை உழுத வயலில் அணிய முற்படுதல் வீண். சேறு அதனைப் பற்றி இழுக்கும். மேல்வழியே நீர் நிறையும். ஆயின் தொழுவம், களம், வரம்பு, கான் வெட்டும் இடம் ஆகியவற்றில் அதனை அணியலாம். வயலில் இறங்குமுன் காலிலுள்ள புண்ணையும் வெடிப்பையும் நீர் புகாத ஒட்டுத் துணியால் மூடுதல் வேண்டும். எலிக்காய்ச்சல் அபாயமுள்ள இடங்களில் வயல்வேலை செய்வோருக்கு முற்காப்பு மருந்தாக டொக்சிசைக்கிளின் வழங்கப்படுகிறது. இதுபற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ விசாரித்தறியலாம். கர்ப்பிணிகளும் சிறுவரும் வைத்தியரின் ஆலோசனையின்றி அம்மருந்தை உட்கொள்ளலாகாது.

சேற்றிலோ தொழுவத்திலோ வேலை செய்தபின் சில நாட்களில் கடுங்காய்ச்சல், கெண்டைக்காலிற் பெருவலி, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றினால் கைவைத்தியம் பார்த்துக் காலங்கடத்தாது ஆசுபத்திரிக்குச் செல்லல் வேண்டும். எவ்வேலை செய்தார் என்பதையும் வைத்தியரிடம் கூறல் வேண்டும். முதல் நாட்களிலேயே மருந்து தொடங்கினால் இந்நோயிலிருந்து தப்பலாம். பிந்தினால் ஈரலும் சிறுநீரகமும் பழுதுறும். காலில் ஆணி ஏறியவரும் அன்றே சென்று ஏற்பு வலித் தடுப்பூசி பற்றிக் கேட்டல் வேண்டும்.

தரையைச் சீராக்குதல்

எத்துணைச் சிறந்த பூட்ஸும் கெட்ட தரைக்கு முழு மாற்றாகாது. தொழுவத் தரை கானை நோக்கி 40 அடிக்கு 1 அடி என்ற அளவிற் சரிந்திருந்தால் மூத்திரமும் கழுவுநீரும் தேங்கா. சீமெந்துத் தரையை வழவழப்பாகப் பூசாமல், ஈரமாயிருக்கும்போதே விளக்குமாற்றால் இழுத்துச் சொரசொரப்பாக்கினால் மாடும் வழுக்காது, மனிதரும் வழுக்கார். சீமெந்துக்கு வசதியில்லாதோர் வாயிலிலும் மாடு நிற்கும் இடத்திலும் உடைகற்களை இட்டு இறுக்கலாம். சிந்திய தீவனத்தை அன்றன்றே கூட்டினால் எலி வருதல் குறையும். சேற்றின் ஆழம் ஓரங்குலம் குறையுந்தோறும் குட்டைப் பூட்ஸ் தரும் காப்பு அந்த அளவுக்கு உயரும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. சேற்றின் ஆழத்தை அளந்து, அதற்கு மேல் 4 அங்குலம் உயர்ந்த பூட்ஸைத் தெரிக.
2. குளிர்மலைக்கு இயற்கை இறப்பர் ஏற்றது. எண்ணெயும் அடுப்பனலும் அதற்குப் பகை.
3. மாலையில், தடித்த காலுறையுடன், அணிபவரின் காலுக்கே அளந்து வாங்குக.
4. புதிய பூட்ஸை வாளி நீரில் வைத்துச் சோதிக்க.
5. நாள்தோறும் கழுவி, நிழலிற் கவிழ்த்து உலர்த்துக. காலையும் கழுவி உலர்த்துக.
6. தொழுவத்துப் பூட்ஸைத் தொழுவத்துக்கே வைத்திருக்க.
7. காய்ச்சல் கண்டால் ஆசுபத்திரிக்குச் சென்று, செய்த வேலையையும் சொல்லுக.

கால்நடை பற்றிய ஐயங்களுக்கு அண்மையிலுள்ள கால்நடை வைத்திய அலுவலகத்தையும், பயிர் பற்றிய ஐயங்களுக்கு விவசாயப் போதனாசிரியரையும் நாடுக. ஒரு பசுவும் கால் ஏக்கர் உருளைக்கிழங்கும் கொண்ட குடும்பத்தில், உழைப்பவர் ஒரு மாதம் படுத்துவிட்டால் பாலும் இல்லை, விளைச்சலும் இல்லை. அவர் காலைக் காக்கும் ஒரு சோடி பூட்ஸை விதைக்கும் உரத்துக்கும் ஒப்பான முதலீடாகவே எண்ணல் வேண்டும்.